சாப்லின் ஆற்றங்கரை ஜான்

என் மாமனார் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தோல்காகிதம் தொங்குகிறது. 1834-ஆம் வருஷத்து நிலப் பட்டயம், அதாவது அரசு தன் நிலத்தை விற்று எழுதிக் கொடுத்த பத்திரம். இண்டியானாவில் மாண்ட்கமரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) 80 ஏக்கர். கிராஃபோர்ட்ஸ்வில் நில அலுவலகத்தில் ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் வீதம் நூறு டாலர் ரொக்கமாகக் கட்டி வாங்கியது. அடியில் 'ஆண்ட்ரூ ஜாக்சன்' என்று கையெழுத்து. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "ஜனாதிபதி தன் கையாலே போட்டது" என்பார்.

அந்தக் குட்டை உடைத்தது நான்தான். 1833 மார்ச்சில் வந்த சட்டப்படி, நிலப் பட்டயங்களில் ஜனாதிபதியின் பெயரை அதற்கென்று நியமித்த ஒரு செயலரே எழுதலாம். அதுவரைக்கும் ஜனாதிபதிகள் கை வலிக்க வலிக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் ஜாக்சன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் செயலரின் பெயரும் இருந்தது.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. (அவரை நான் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறேன். முதலில் சிரித்தார், இப்போது பேரப்பிள்ளைகளின் நண்பர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) "இவ்வளவு துருவுகிறவள், இந்தப் பட்டயம் வாங்கினவனோட அப்பா யாருன்னு கண்டுபிடி, பார்ப்போம்" என்றார். அதில் மூன்று வருஷ வார இறுதிகள் போயின.

குடும்பத்தில் ஒரு கதை இருந்தது. மூன்று சகோதரர்கள் வர்ஜீனியாவிலிருந்து கிளம்பினார்கள்; ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே போனார்; நம்மவர் மேற்கே மலையைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போனார். நம்மவர் பெயர் ஜான். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர். இந்தக் கதையை நான் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். பிறகு பழைய அமெரிக்கக் குடும்பங்களில் பாதிப் பேரிடம் இதே மூன்று சகோதரர்கள் இருப்பது தெரிந்தது.

குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை வைத்திருக்கிறவர்கள் நிறையப்பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஜான் என்பது மட்டும் போதும். தொல்லையே அந்தப் பெயரால்தான் வந்தது.

முதலில் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தா கட்டிப் பார்க்கிற ஒரு தளத்தில், யாரோ போட்டு வைத்திருந்த குடும்ப மரத்தில் நம் ஜானும் அவர் அப்பாவும் தாத்தாவும் இங்கிலாந்து வரை வரிசையாக நின்றார்கள். ஒரே ராத்திரியில் எட்டுத் தலைமுறை. அதை அச்செடுத்து மாமாவின் பிறந்தநாளுக்கு மாட்டியும் கொடுத்துவிட்டேன். எந்தப் பெயருக்கும் கீழே ஒரு பத்திரமோ உயிலோ காட்டப்படவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்த மரங்கள் பதினேழு இருந்தன. பதினேழு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, ஒழுங்காகச் செய்வோம் என்று தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடந்தேன். பட்டயம் வாங்கியவர் 1850 சென்சஸில் கிடைத்தார். வயது 47, விவசாயி, பிறந்தது கென்டக்கி. 1850-க்கு முந்தைய சென்சஸ்களில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். அடிமையாக இல்லாத எல்லாருடைய பெயரையும் வயதையும் எழுதியது 1850-ல்தான் முதல் முறை. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்று அதில் இருக்காது. அது 1880-ல்தான் வந்தது. அந்த வீட்டில் அதே குடும்பப் பெயரோடு 78 வயதுக் கிழவி ஒருத்தி இருந்தாள், வர்ஜீனியாவில் பிறந்தவள். அம்மாவாக இருக்கலாம், அத்தையாகவும் இருக்கலாம். பட்டயம் வாங்கியவர் நீண்ட ஆயுசுக்காரர், 1880-லும் இருந்தார். அந்த சென்சஸில் பெற்றோர் பிறந்த இடத்தையும் கேட்டிருந்தார்கள்: இருவரும் வர்ஜீனியா.

அதற்குப் பின்னால் போனால் சென்சஸ் வெறும் எண்கள். பெயர் ஒன்று, பிறகு வயது வாரியாகக் கட்டங்களில் 1, 2, 0, 1. பல பேர் இங்கே வந்ததும் ஓடிவிடுகிறார்கள். எனக்கு மட்டும் இந்தக் கட்டங்கள் பிடித்துப்போயின. என் அப்பா தமிழ்நாட்டில் சர்வே துறையில் இருந்தவர். கட்டமும் எண்ணும் பார்த்து வளர்ந்த கண்.

கென்டக்கிக்கு 1790, 1800 இரண்டு சென்சஸுமே கிடையாது, தொலைந்துவிட்டன. '1800 கென்டக்கி சென்சஸ்' என்ற பெயரில் கிடைக்கிற புத்தகம், வரிப் பட்டியல்களிலிருந்து பெயர்களைத் தொகுத்தது. அதில் ஜான் பெயரைப் பார்த்து 'சென்சஸில் இருக்கிறார்' என்று நோட்டில் எழுதி வைத்த அனுபவமும் எனக்கு உண்டு. மிஞ்சியிருப்பது 1810-லிருந்துதான்.

1810-ல் மெர்சர் கவுண்டியில் ஒரு ஜான். '26 முதல் 45-க்குள்' கட்டத்தில் ஓர் ஆண். 1820-ல் அவரே '45-ம் அதற்கு மேலும்' கட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டையும் சேர்த்தால் பிறப்பு 1765-க்கும் 1775-க்கும் நடுவே. நன்றாகப் போகிறது என்று அவர் பிள்ளைகளைக் கூட்டினேன். 1820-ல் ஒரு மகன் அதிகமாக வந்தான். அவனைத் தேடி நாலு மாதம் அலைந்தேன். கல்யாணப் பதிவு, கல்லறை, பக்கத்துக் கவுண்டி, எதிலும் இல்லை. கடைசியில்தான் புரிந்தது: 1820 படிவத்தில் மட்டும் ஆண்களுக்கு '16 முதல் 18' என்று தனிக் கட்டம் ஒன்று உண்டு. அதில் வருகிறவனை அடுத்த '16 முதல் 26' கட்டத்திலும் எண்ணியிருப்பார்கள். ஒரே பையன் இரண்டு தடவை. இல்லாத பிள்ளைக்கு நான் ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

இந்த ஜான்தான் நம் ஜானா? சென்சஸ் அதற்குப் பதில் சொல்லாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற விருந்தாளி அது. வருஷா வருஷம் கதவைத் தட்டுகிறவன் வரிக்காரன். பழைய அமெரிக்காவில் ஆளைத் தேடுகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: வரிப் பட்டியலை ஒரு வருஷமும் விடாமல் பாருங்கள். கென்டக்கி 1792-ல் தனி மாநிலமானது. அதற்கப்புறம் வரிப் பட்டியல்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாக இருக்கின்றன. மாநிலத் தலைநகருக்கும் ஒரு படி போனதால், கோர்ட்ஹவுஸ் எரிந்துபோன கவுண்டிகளுக்குக்கூட இவை தப்பியிருக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் பக்கங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஃபோர்ட் வேனில் இருக்கிற ஆலன் கவுண்டிப் பொது நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே வம்சாவளிக்கென்றே ஒரு பெரிய பிரிவு உண்டு. என் கணவர் பிள்ளைகளைப் பூங்காவில் விட்டுக்கொண்டிருக்க, நான் காலை ஒன்பதிலிருந்து மைக்ரோஃபிலிம் சுற்றுவேன்.

பட்டியல் எழுத்தும் முதலில் படுத்தியது. ஜே, என், ஓ என்று மூன்றெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். ஜோனத்தான் என்று படித்து ஒதுக்கிக்கொண்டே வந்தேன். அது ஜானுக்கான சுருக்கம் என்று பக்கத்து இருக்கைப் பாட்டி சொன்ன பிறகு, மறுபடி முதல் சுருளிலிருந்து.

கென்டக்கிப் பட்டியலில் என்னென்ன இருக்கும் தெரியுமா? எத்தனை ஏக்கர், முதல் தர மண்ணா இரண்டாம் தரமா மூன்றாம் தரமா, எந்த ஆறு அல்லது ஓடையின் ஓரம், அந்த நிலம் முதலில் யார் பெயரில் பதிவாகி, யார் பெயரில் அளக்கப்பட்டு, யார் பெயரில் பட்டயமானது. பிறகு 21 வயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள் எத்தனை, 16-க்கும் 21-க்கும் நடுவே எத்தனை, குதிரைகள் எத்தனை. இன்னொரு கட்டமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

1793-ல் ஜான் என்று ஒருவர் மெர்சரில் முதல் தடவையாக வருகிறார். நிலம் இல்லை. ஒரு குதிரை. 21 தாண்டியிருக்க வேண்டும், ஆக 1772-க்குள் பிறந்தவர். அதே வருஷம், அதே பெயரில் இன்னொருவர்: சால்ட் ஆற்றோரம் 200 ஏக்கர், ஐந்து குதிரை. ஒருவருக்குப் பக்கத்தில் சீனியர், இன்னொருவருக்கு ஜூனியர். பதினேழு மரங்களும் இவர்களை அப்பா பிள்ளை ஆக்கியிருந்தன. அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவாகவும் இருக்கலாம், எந்தச் சம்பந்தமும் இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்தால் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார். ஊருக்கு இன்னொரு ஜூனியர் வருவார்.

இரண்டு நிறத்தில் பென்சில் வைத்துக்கொண்டு இருவரையும் இருபத்தெட்டு வருஷம் பிரித்தேன். பிரிக்க உதவியது பெயர் இல்லை, ஆறு. ஒருவர் கடைசி வரை சால்ட் ஆற்றோரம். இன்னொருவர் 1799-லிருந்து சாப்லின் ஆற்றோரம் 120 ஏக்கர். சால்ட் ஆற்று ஜான் 1812-ல் உயில் எழுதியிருக்கிறார். ஏழு பிள்ளைகளை வரிசையாகச் சொல்கிறார், அதில் ஜான் இல்லை. சுதந்திரப் போரில் சண்டை போட்டதும் அவர்தான். போர் நடந்தபோது நம்மவர் சின்னப் பையன். இதைச் சொன்னபோது மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறந்தநாளுக்கு மாட்டிக் கொடுத்த மரத்தை நானே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த 120 ஏக்கர் எப்படி வந்தது? பத்திரம் தேடினேன். முதலில் தேடியது தப்பான கவுண்டியில். நிலம் இருக்கிற பெர்ரிவில் பக்கம் இன்றைக்குப் பாயில் கவுண்டி; ஆனால் பாயில் உருவானது 1842-ல். அதுவரை அது மெர்சர், 1780-களின் நடுப்பகுதி வரை லிங்கன் கவுண்டி. மாநிலமானபோது ஒன்பது கவுண்டி, இன்றைக்கு 120. ஒரு மனிதர் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே மூன்று கவுண்டிக்காரர் ஆகலாம். பத்திரங்கள் எழுதப்பட்ட காலத்துக் கவுண்டியிலேயேதான் இருக்கும். அதனால் மெர்சரின் தலைநகரான ஹாராட்ஸ்பர்க்.

அங்கேயும் வாங்கியவர் அட்டவணையில் ஜான் இல்லை. விற்றவர் அட்டவணையில் இருக்கிறார்: 1808-ல் 30 ஏக்கரை விற்றிருக்கிறார். வாங்காத நிலத்தை ஒருவர் எப்படி விற்பார்? அரசிடமிருந்து நேரே வந்திருக்க வேண்டும், இல்லை பரம்பரையாக, இல்லை பெண்டாட்டி வழியாக. விற்ற பத்திரத்தின் கடைசியில் மனைவியைக் கணவர் இல்லாத இடத்தில் தனியே கூப்பிட்டு விசாரித்ததாகவும், அவள் மனமொப்பித் தன் விதவைப் பங்கை விட்டுக்கொடுத்ததாகவும் ஒரு பத்தி இருந்தது. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுசு வரை அனுபவிக்கிற உரிமை அது. வாங்குகிறவன் பின்னால் வில்லங்கம் வராமலிருக்க அதை எழுதி வாங்கிக்கொள்வான். நூறு வருஷத்துப் பெண்களில் பலருடைய பெயர் இந்த ஒரு பத்தியில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 1850-ல் மகன் வீட்டில் இருந்த 78 வயதுக் கிழவியின் பெயரும் இதே பெயர்.

பத்திரத்தில் எல்லை எழுதியிருந்த விதம் எனக்கு வீட்டு ஞாபகத்தைக் கொண்டு வந்தது. 'ஆற்றங்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை டிகிரி கிழக்காக 96 போல் போய் இரண்டு ஹிக்கரி மரம், அங்கிருந்து இன்னார் எல்லையோடு...' நம் செக்குபந்திதான், மரத்தோடு. ஒரு போல் என்பது பதினாறரை அடி. நாலு போல் சேர்ந்தால் நிலம் அளக்கிற ஒரு குன்டர் சங்கிலி, 66 அடி, நூறு லிங்க். அப்பா மெட்ரிக் வருவதற்கு முந்தைய புலப்படங்களில் படித்த அதே லிங்க். ஒரு சென்டுக்கு ஆயிரம் சதுர லிங்க் என்று அவர் சொல்லித் தந்தது கென்டக்கியில் உதவும் என்று யார் நினைத்தார்கள்?

கட்டத்தாளில் வரைந்தேன். பக்கத்து நிலக்காரர்களின் பத்திரங்களையும் அதே அளவில் வரைந்து, வெட்டி, பிள்ளைகளின் புதிர் அட்டை மாதிரித் தரையில் சேர்த்தேன். ஜானின் 120 ஏக்கர் வடக்குப் பக்கத்துக்காரரின் பெரிய நிலத்துக்குள் அப்படியே பொருந்தியது. அவர் நிலத்திலிருந்து வெட்டித் தந்தது அது. அவர் உயிலைத் தேடி எடுத்தேன், 1798. 'என் மருமகன் ஜானுக்கு, அவர் இப்போது குடியிருக்கிற நிலத்தைக் கொடுக்கிறேன்.' பத்திரம் இல்லாததன் காரணம் அதுதான். மாமனார் கொடுத்த நிலம். இதைப் படித்துக் காட்டியதும் என் மாமனார், "பார்த்தாயா, நல்ல மாமனார்கள் எங்கள் பரம்பரையில் இருக்கிறார்கள்" என்றார்.

மற்றதெல்லாம் பட்டியலில் கட்டம் கட்டமாக வந்தது. 1816-ல் 21 தாண்டிய ஆண்கள் '2' என்று மாறுகிறது: மூத்த மகனுக்கு வயது வந்துவிட்டது, 1795-ஐ ஒட்டிப் பிறந்தவன். அடுத்த வருஷம் அவன் தன் பெயரிலேயே ஒரு குதிரையோடு வருகிறான். 1820-ல் ஜான் இருக்கிறார். 1821-ல் அதே சாப்லின் ஆறு, அதே 90 ஏக்கர், ஆனால் பெயர் மனைவியுடையது. அவர் இறந்த தேதி எங்கேயும் இல்லை, கல்லறையும் இல்லை. இரண்டு வரிப் பட்டியல்களுக்கு நடுவே இறந்திருக்கிறார்.

உயில் எழுதாமல் போய்விட்டார். அதனால் கவுண்டி நீதிமன்றம் அக்கம்பக்கத்தாரை நியமித்து வீட்டுச் சாமான்களை மதிப்பிட வைத்தது. அந்தப் பட்டியல் எனக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஏர், இரண்டு கோடாலி, நூல் ராட்டினம், ஒரு இறகு மெத்தை, பதினொரு பன்றி. அப்புறம் ஒரு பெண்ணின் பெயர், முதல்பெயர் மட்டும், நேரே டாலரில் விலை. அவளுக்குக் கீழே இரண்டு குழந்தைகளின் பெயர், வயது, விலை.

வரிப் பட்டியலில் நான் பிறகு சொல்கிறேன் என்ற கட்டம் இதுதான். '16 வயதுக்கு மேற்பட்ட கறுப்பர்', 'மொத்தக் கறுப்பர்' என்று இரண்டு கட்டங்கள். ஜானுக்கு நேரே 1805-லிருந்து அவற்றில் எண் இருந்தது. நான் பார்த்திருந்தேன், நோட்டிலும் ஏற்றியிருந்தேன். மாமாவிடம் மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 'நாங்கள் ஏழை விவசாயிகள், எங்களிடம் அடிமைகளே இருந்ததில்லை' என்பதும் குடும்பக் கதையில் ஒரு வரி. பெயரைப் பார்த்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

சொன்னேன். மாமா அன்றைக்கு எதுவும் பேசவில்லை. பத்து நாள் கழித்து ஃபோன் செய்து, "அந்தப் பெண்ணின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள், எழுத்து எழுத்தாகச் சொல்" என்றார். சொன்னேன். மூன்று பேருடையதையும் எழுதிக்கொண்டார். அவர்களின் வம்சத்தில் வந்தவர்கள் தேடினால், பெயரோடு சென்சஸில் கிடைப்பது 1870-லிருந்துதான். 1850, 1860-ல் அடிமைகளுக்குத் தனிப் படிவம் உண்டு. ஆனால் அதில் எழுதியது உடைமைக்காரனின் பெயரை. அவர்களுக்கு வயதும் பாலும் நிறமும் மட்டும். அதற்கு முன்னால் பெயர் கிடைக்கிற இடம் பெரும்பாலும் இந்த மாதிரி சாமான் பட்டியலும் உயிலும்தான். இவர்களைத் தேடி யாராவது வருவார்களோ என்று, அந்தப் பக்கத்தின் படத்தையும் எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் பொதுவில் போட்டு வைத்தோம். போடச் சொன்னது மாமா.

பட்டயம் வாங்கியவர் இந்த ஜானின் மகன்தான் என்பதற்கு ஆதாரம் கடைசியில்தான் வந்தது, 1826 பத்திரம் ஒன்றில். 'காலஞ்சென்ற ஜானின் வாரிசுகள்' என்று ஐந்து பிள்ளைகள், மகள்களுக்கு நேரே அவரவர் கணவர், தங்கள் பிரிக்கப்படாத பங்கை மூத்தவனுக்கு விற்கிறார்கள். பட்டயம் வாங்கியவர் கையெழுத்துப் போட்டது இண்டியானாவில் ஒரு நீதிபதி முன்னால். இப்படிப்பட்ட வாரிசுப் பத்திரம் அட்டவணையில் மூத்தவர் ஒருவர் பெயரிலோ, 'மற்றும் பிறர்' என்றோ ஒளிந்திருக்கும். இவருடைய பெயரில் தேடியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது. கூடப்பிறந்தவர்கள் எல்லாரையும் தேடியதால் கிடைத்தது.

ஏன் ஒஹையோ ஆற்றைத் தாண்டி இண்டியானாவுக்குப் போனார்கள் என்பதும் ஒருமாதிரி புரிகிறது. கென்டக்கியில் ஒரே நிலத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுவது சர்வ சாதாரணம். யார் வேண்டுமானாலும் மரத்தில் குறி போட்டு அளந்துகொண்டார்கள். ஆபிரகாம் லிங்கனின் அப்பா 1816-ல் கென்டக்கியை விட்டுப் போனதற்கு அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் நிலச் சிக்கல்தான் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். இண்டியானாவில் அரசே முதலில் ஆறு மைல் சதுரமாக அளந்து, 640 ஏக்கர் துண்டுகளாக நறுக்கி வைத்துவிட்டு விற்றது. அங்கே வெள்ளை ஓக் மரத்தைத் தேடவேண்டியதில்லை.

ஜானின் அப்பா யார் என்று தேட, இப்போது வர்ஜீனியா பாக்கி. அங்கே வரிப் பட்டியல் 1782-லிருந்து இருக்கிறது; ரிச்மண்டில், வர்ஜீனியா நூலகத்தில். 1787 பட்டியலில் வரி அதிகாரி எந்தத் தேதியில் எந்த வீட்டுக்குப் போனார் என்பதும் இருக்கும், ஒரே தேதி என்றால் அக்கம்பக்கம். அப்போது நம் ஜானுக்கு 21 ஆகியிருக்காவிட்டால், அப்பா பெயருக்கு நேரே '16 முதல் 21 வரை' கட்டத்தில் பெயரில்லாமல் ஒரு எண்ணாக உட்கார்ந்திருப்பார். ஜானைத் தேடப்போவதில்லை, ஜான்கள் மலிந்து கிடக்கிறார்கள். அவர் மாமனாரைத் தேடப்போகிறோம். அவர் பெயர் அபூர்வமான பெயர். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்தான் கூட்டமாக மலை தாண்டினார்கள், அவர் வீட்டுக்கு அதிகாரி போன தேதியில் வேறு யார் யார் வீட்டுக்குப் போனார் என்று பார்த்தால் போதும். அக்டோபரில் போகிறோம். மாமா இப்போதே ரூம் போட்டுவிட்டார், இரண்டு பெட்டி பென்சிலும் வாங்கி வைத்திருக்கிறார்.